வன்தட்டின் பூட்டும் அதன் குறிகளும்

கதவு சாத்தியிருப்பது வேறு, பூட்டியிருப்பது வேறு. வெளியே நின்று பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். கணினியின் வன்தட்டிலும் இத்தகைய மயக்கம் உண்டு.

தம்பிலுவிலில் ஒரு குடும்பம் காணி உறுதியின் பிரதியையும் கலியாணப் படங்களையும் பழைய கணினி ஒன்றில் வைத்திருக்கிறது எனக் கொள்ளலாம். கணினி பழுதுறவே, வன்தட்டு கல்முனையிலுள்ள திருத்தும் கடைக்குச் செல்கிறது. தட்டு சுழல்கிறது, ஆயின் எதனையும் படிக்க விடவில்லை. இது பழுதா, பூட்டா? விடை தட்டு தரும் குறிகளிலேயே உள்ளது.

1997இல் வெளியான ஏ.டி.ஏ.-3 என்னும் நியமம் வன்தட்டுக்குக் கடவுச்சொற் பூட்டை வகுத்தது. கணினி வினவும்போது தட்டு தன்னைப் பற்றி 256 ‘சொற்கள்’ கொண்ட விவரத்தை அளிக்கும். ஒவ்வொரு சொல்லிலும் 16 பிட்டுகள். ஒவ்வொரு பிட்டும் 0 அல்லது 1. 128 என்னும் எண்ணுடைய சொல்லே பாதுகாப்பு நிலையைக் கூறும்.

அதில் மூன்று குறிகள் முதன்மையானவை. ‘செயற்படுகிறது’ என்பது பயனரின் கடவுச்சொல் இடப்பட்டுள்ளதைக் காட்டும். ‘பூட்டப்பட்டது’ என்பது தரவுகளை அணுக முடியாமையைக் காட்டும். ‘உறைந்தது’ என்பதோ, மின்னை நிறுத்தும்வரை கடவுச்சொல்லை மாற்றவியலாது என்பதை மட்டுமே உணர்த்தும். பல கணினிகள் தொடங்கும்போதே, தீய நிரல்கள் கடவுச்சொல் இடாதவாறு தட்டை இவ்வாறு உறையச் செய்கின்றன. இதனைப் பூட்டென்று அஞ்சுவோர் உளர். ஆனால் உறைந்த தட்டைத் தடையின்றிப் படிக்கலாம். மூன்று பிட்டுகள் எட்டு வகையாகச் சேரக்கூடுமாயினும், நியமம் ஏற்பவை ஐந்தே. கடவுச்சொல் இன்றிப் பூட்டு இல்லை. பூட்டும் உறைவும் ஒருங்கே நிற்பதில்லை.

மயக்கம் மிகுவது 8ஆம் பிட்டில். அது 1 ஆயின் பாதுகாப்பு உச்சநிலையில் உள்ளது. பயனரின் கடவுச்சொல் மறந்துபோனால், முதன்மைக் கடவுச்சொல்லால் தட்டை முழுவதும் அழிக்கலாமேயன்றித் திறக்கவியலாது. 0 ஆயின் உயர்நிலை; முதன்மைக் கடவுச்சொல் பூட்டைத் திறக்கும். ஆனால் கடவுச்சொல்லே இடப்படாத தட்டிலும் இப்பிட் 0தான்! ஒரே எண்ணுக்கு இரு பொருள். ‘செயற்படுகிறது’ என்னும் குறியோடு சேர்த்துப் படித்தாலன்றி உண்மை விளங்காது.

தவறான கடவுச்சொல்லை ஐந்து முறை இட்டால், மின்னை நிறுத்தித் தொடங்கும்வரை தட்டு மேலும் முயல விடாது. அதற்கும் தனிக் குறி உண்டு.

அழிக்கும் ஆணை பூட்டையும் நீக்கும். காணி உறுதியையும் கலியாணப் படங்களையும் சேர்த்தே நீக்கும். ஆகவே குறிகளை ஒருங்கே படித்தறிந்த பின்னரே திருத்துவோர் தட்டுக்கு ஆணை இடுதல் வேண்டும்.