மாரமங்கலம்: கவுண்டர் கூட்டமும் போக்சோ நீதிமன்றமும்

சேர்வராயன் மலையில் ஏற்காடு வட்டத்தைச் சேர்ந்த ஊர் மாரமங்கலம். மலையாளிப் பழங்குடி மக்களின் மண். அந்தக் காலத்தில் இந்த மக்கள் மலையை மூன்று நாடுகளாகப் பிரித்து, நாட்டுக்கொரு பட்டக்காரர், ஊருக்கொரு கவுண்டர் என்று வைத்திருந்தார்கள். இளவயதுப் பையனும் பெண்ணும் சேர்ந்து போய்விட்டால் வழக்கு ஊர்க் கூட்டத்துக்கு வரும். அபராதம் போட்டுக் கல்யாணம் பேசி முடிப்பார்கள். அந்தக் காலத்தை நான் மெச்சவில்லை. பெண்ணுக்குப் படிப்பும் இல்லை, அவள் சொல்லுக்கு மதிப்பும் இல்லை. ஆனால் எதிரில் நிற்பவனின் வயதையும் நிலைமையையும் பார்த்துத் தண்டனையைக் கூட்டவோ குறைக்கவோ கூட்டத்தாருக்கு இடம் இருந்தது.

மலைக்குக் கீழே சர்க்காரும் வயதைப் பார்க்கும் அந்த வழியில்தான் நடந்தது. செங்கல்பட்டில் 1887இல் சிறுவர் சீர்திருத்தப் பள்ளி வந்தது. 1920இன் சென்னைக் குழந்தைகள் சட்டம் இந்தியாவிலேயே முதலாவது.

இன்று? பதினேழு வயதுப் பெண் கர்ப்பமாகி ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வந்தால், டாக்டர் போலீசுக்குச் சொல்லியே ஆக வேண்டும். மறைத்தால் அவர் மேலேயே வழக்கு. சிறாரைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்க 2012இல் வந்த போக்சோ சட்டம் 2019இல் திருத்தப்பட்ட பிறகு, சிறுமி கர்ப்பமான வழக்கில் குறைந்தபட்சத் தண்டனை 20 ஆண்டு. நாற்பது வயதுக்காரன் சிறுமியைச் சீரழித்த வழக்கில் இந்தக் கடுமை நியாயம். ஆனால் அவளோடு ஒரே பஸ்ஸில் பள்ளிக்குப் போன பையன் மீதும் அதே பிரிவுதான் பாய்கிறது.

அவனுக்கும் பதினேழு என்றால் இளைஞர் நீதிக் குழுமம் விசாரிக்கும். அதிகம் போனால் மூன்று ஆண்டு சிறப்பு இல்லம். ஆனால் 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம் இதிலும் ஒரு கதவைத் திறந்துவிட்டது. குறைந்தபட்சத் தண்டனை ஏழு ஆண்டோ அதற்கு மேலோ உள்ள குற்றமாக இருந்து, பையனுக்குப் பதினாறு நிறைந்திருந்தால், அவன் மனநிலையைச் சோதித்துப் பெரியவனைப் போல விசாரிக்க அனுப்பலாம். அதிகபட்சத் தண்டனை மட்டும் பெரிதாக இருந்தால் போதாது, குறைந்தபட்சமும் ஏழு ஆண்டாவது இருக்க வேண்டும் என்று 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. ஆக, பையன் எந்தக் கோர்ட்டுக்குப் போவான் என்பதில்கூட அந்தக் குறைந்தபட்ச எண் நுழைந்துவிட்டது.

பையனுக்குப் பதினெட்டு நிறைந்து ஒரு மாதம்தான் ஆகிறது என்றால் குழுமமே கிடையாது. பெண் சாட்சிக் கூண்டில் ஏறி "விரும்பித்தான் போனேன்" என்று சொன்னாலும் பயனில்லை. குற்றம் நிரூபணமானால் நீதிபதி 20 ஆண்டுக்குக் கீழே ஒரு நாள்கூட இறங்க முடியாது. சட்டம் அவர் கையைக் கட்டி வைத்திருக்கிறது.

கட்டை அவிழ்க்க டெல்லி வரை போக வேண்டியிருக்கிறது. சகோதரி மகளை மணந்த தமிழ்நாட்டு இளைஞர் ஒருவருக்கு, அவள் சிறுமியாக இருந்தபோது வைத்த உறவுக்காகப் பத்தாண்டுத் தண்டனை கிடைத்தது. அவர்களுக்கு இரண்டு குழந்தைகள். 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் அந்தத் தண்டனையை ரத்து செய்தது. மேற்கு வங்க வழக்கு ஒன்றில் 2025 மே மாதம் அரசியல் சாசனத்தின் 142ஆவது பிரிவு தரும் தனி அதிகாரத்தைக் கொண்டு, தண்டனை வேண்டாம் என்றது. மலைக்காட்டுக் கூலிக் குடும்பத்தில் எத்தனை பேரால் அத்தனை தூரம் போக முடியும்?

வழி முன்பே சொல்லப்பட்டிருக்கிறது. பதினாறு வயதுக்கு மேல் சம்மதத்தோடு நடந்ததை, ஆணுக்கும் பெண்ணுக்கும் ஐந்து வயதுக்கு மேல் வித்தியாசம் இல்லையென்றால், போக்சோவின் கடுமையிலிருந்து விலக்கலாம் என்று சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி வி. பார்த்திபன் 2019 ஏப்ரலில் யோசனை சொன்னார். நாடாளுமன்றம் அதைச் செய்யட்டும். செய்யும் வரை, இவ்வழக்குகளிலாவது காரணத்தை எழுதிவைத்துத் தண்டனையைக் குறைக்கும் அதிகாரத்தை விசாரணை நீதிபதிக்குத் திருப்பிக் கொடுக்கட்டும்.