டி.என்.ஏ. எழுத்துக்களுக்கு ஒரு ஸ்டோர் கீப்பர்



"டி.என்.ஏ.வா? அது பயாலஜி குரூப்காரங்க சமாச்சாரம், நமக்கென்ன?" என்று பக்கத்தைப் புரட்டப் போகிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள். நானும் உங்களைப் போல டிப்ளமோதான், கம்ப்யூட்டர் பிரிவு. பயாலஜி பக்கம் தலைவைத்துப் படுத்தவனில்லை. ஆனால் மெஷின் டி.என்.ஏ.வைப் படித்து முடித்த பிறகு ஆரம்பிக்கிற வேலை இருக்கிறதே, அது முழுக்க முழுக்க நம்ம வேலை!

எவ்வளவு இடம் வேண்டும்?

டி.என்.ஏ. என்பது ஏ, சி, ஜி, டி என்ற நான்கே எழுத்துக்களால் ஆன நீளமான வாக்கியம். மனிதனுக்கு ஒரு செட்டில் சுமார் 300 கோடி எழுத்துக்கள். நான்கு எழுத்துக்கு 2 பிட் போதும். கணக்குப் போட்டால் 75 கோடி பைட், அதாவது 750 மெகாபைட். ஒரு சி.டி.யில் கொஞ்சம் வழிந்து போகும், அவ்வளவுதான்.

"இதற்கா இத்தனை ஆர்ப்பாட்டம்?" என்று கேட்காதீர்கள். மெஷின் ஒரே மூச்சில் படிப்பதில்லை. டி.என்.ஏ.வைத் துண்டு துண்டாக்கி, ஒவ்வொரு துண்டிலும் 150 எழுத்து போலப் படிக்கிறது. தப்பு வரும் என்பதால் ஒவ்வொரு இடத்தையும் சராசரியாக 30 தடவை படிப்பது வழக்கம். ஆக 9,000 கோடி எழுத்துக்கள். ஒவ்வொரு எழுத்துக்கும் "இதை எவ்வளவு நம்பலாம்" என்று ஒரு மார்க் வேறு. எழுத்துக்கு ஒரு பைட், மார்க்குக்கு ஒரு பைட். சுருக்காமல் வைத்தால் ஒரே ஒரு ஆளுக்கு 180 கிகாபைட்!

மார்க் போடும் முறை

இந்த மார்க்குக்கு ஃப்ரெட் ஸ்கோர் என்று பெயர். 10 என்றால் பத்தில் ஒன்று தப்பாக இருக்கலாம். 20 என்றால் நூறில் ஒன்று. 30 என்றால் ஆயிரத்தில் ஒன்று. நாம் படித்த லாகரிதம்தான்.

எழுத்தையும் மார்க்கையும் சேர்த்து வைக்கும் ஃபைலுக்கு ஃபாஸ்ட்க்யூ என்று பெயர். இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் அருகே ஹிங்ஸ்டனில் உள்ள சாங்கர் இன்ஸ்டிட்யூட்டில் பிறந்த வடிவம் இது. ஒரு துண்டுக்கு நான்கு வரி: பெயர், எழுத்துக்கள், ஒரு கூட்டல் குறி, மார்க்குகள். மார்க்கோடு 33-ஐக் கூட்டி, வருகிற எண்ணுக்கு ஆஸ்கி அட்டவணையில் என்ன குறியோ அதைப் போடுவார்கள். 30-க்கு 63, அதாவது கேள்விக்குறி. நமக்குக் கேள்விக்குறி என்றால் சந்தேகம். அங்கே அது நல்ல மார்க்!

இதில் ஒரு வில்லங்கம் நடந்தது. இலுமினா கம்பெனி மெஷின்களோடு வந்த சாஃப்ட்வேர் சில வருடங்கள் 33-க்குப் பதில் 64-ஐக் கூட்டி வந்தது. 2011-ல்தான் 33-க்கு மாறியது. பழைய ஃபைலைப் புதிய கணக்கில் படித்தால் ஒவ்வொரு மார்க்கும் 31 கூடிவிடும். 2 மார்க் வாங்கிய எழுத்து, அதாவது சரியாக இருப்பதைவிடத் தப்பாக இருக்கவே வாய்ப்பு அதிகமான எழுத்து, 33 மார்க் வாங்கிய கெட்டிக்காரப் பிள்ளையாகக் காட்சி தரும். ஃபைல் ஒழுங்காகத் திறக்கும், எர்ரர் மெசேஜ் வரவேண்டும் என்ற கட்டாயம்கூடக் கிடையாது. யோசித்துப் பாருங்கள், ஒரு நோயாளியின் ரிப்போர்ட் அந்த எழுத்தை நம்பி எழுதப்பட்டால்?

ஆப்சென்ட் மட்டும் குறித்தால் போதும்

அடுத்து, இடத்தை மிச்சம் பிடிப்பது எப்படி? நம் லெக்சரர் அட்டெண்டன்ஸ் எடுப்பதைக் கவனித்திருப்பீர்கள். அவசரத்தில் அறுபது பேர் பெயரையும் எழுதமாட்டார், வராதவர் நம்பரை மட்டும் குறித்துக்கொள்வார். க்ராம் என்ற ஃபைல் வடிவம் இந்த வேலையைத்தான் செய்கிறது. இதற்கான யோசனையை அதே ஹிங்ஸ்டன் வளாகத்தில் இருக்கும் ஐரோப்பிய பயோஇன்ஃபர்மேட்டிக்ஸ் இன்ஸ்டிட்யூட் 2011-ல் வெளியிட்டது. எல்லோருக்கும் பொதுவான ஒரு மாதிரி டி.என்.ஏ. வரிசை இருக்கிறது. அதிலிருந்து எங்கே வேறுபடுகிறதோ அதை மட்டும் எழுதினால் போதும்.

ஆனால் பெயர்ப் பட்டியல் தொலைந்து போனால் ஆப்சென்ட் நம்பரை வைத்து என்ன செய்வது? அதே கதைதான் இங்கும். எந்த மாதிரி வரிசையை வைத்துச் சுருக்கினோமோ அதைப் பத்திரமாக வைத்திருக்கவேண்டும். அதனால்தான் அந்த வரிசையின் செக்சம் எண்ணையும் ஃபைலின் தலைப்பில் குறித்து வைக்கிறார்கள். ஒரு எழுத்து மாறினாலும் செக்சம் மாறிக் காட்டிக்கொடுத்துவிடும்.

டூல் ரூம் பாடம்

சரி, ஃபைல் ரெடி. லட்சக்கணக்கான ஃபைல்களில் யாருடையது எது, எங்கே இருக்கிறது?

ஒர்க்‌ஷாப் டூல் ரூமை நினைத்துப் பாருங்கள். டோக்கனும் ரெஜிஸ்டரும் இல்லாவிட்டால் வெர்னியர் எங்கே, மைக்ரோமீட்டர் யார் கையில் என்று யாருக்குத் தெரியும்? சாங்கர் இன்ஸ்டிட்யூட் இதற்காக ஐராட்ஸ் என்ற சாஃப்ட்வேரைப் பயன்படுத்தத் தொடங்கி, அந்த அனுபவத்தை 2011-ல் கட்டுரையாகவே வெளியிட்டது. ஐராட்ஸ் இலவசம், சோர்ஸ் கோடும் திறந்தே கிடக்கிறது.

இதன் சூட்சுமம் எளிமையானது. பெரிய ஃபைலை டேட்டாபேஸுக்குள் திணிப்பதில்லை. ஃபைல் டிஸ்க்கில் இருக்கும். எந்த சர்வர், எந்த இடம், எத்தனை பிரதி, செக்சம் என்ன என்பது மட்டும் டேட்டாபேஸில் இருக்கும். கூடவே ஒவ்வொரு ஃபைலுக்கும் சீட்டு ஒட்டலாம்: எந்த ஆய்வு, எந்த சாம்பிள், மெஷினின் எத்தனையாவது ஓட்டம். ஆராய்ச்சியாளர் ஃபைல் பெயரைத் தேடி அலையவேண்டாம், "இந்த ஆய்வின் சாம்பிள்கள் எல்லாம் கொடு" என்று கேட்டால் போதும். "புது ஃபைல் வந்தால் வேறு சர்வரில் இன்னொரு பிரதி எடு" என்று விதி எழுதி வைத்தால் அதுவே செய்துகொள்ளும்.

இந்தச் சீட்டு சும்மா வசதிக்காக என்று நினைத்துவிடாதீர்கள். ரத்தம் கொடுத்த ஒருவர் நாளைக்கு "என் டி.என்.ஏ.வை இனி உபயோகிக்காதீர்கள்" என்று சொன்னால்? அவர் ஃபைல் எது, பிரதிகள் எங்கெங்கே என்று தெரிந்தால்தான் சொன்ன வாக்கைக் காப்பாற்ற முடியும். சீட்டு மாறி ஒட்டியிருந்தாலோ, ஒருவர் வியாதி இன்னொருவர் தலையில் விழும். எழுத்து அத்தனையும் சரி, ஆள் மட்டும் தப்பு!

நமக்கு என்ன?

நம் நாட்டிலும் ஃபரிதாபாத்தில் இந்திய உயிரியல் தரவு மையம் 2022 நவம்பரில் தொடங்கப்பட்டது. 4 பெட்டாபைட் கொள்ளளவு. இந்தியர்கள் 10,000 பேரின் டி.என்.ஏ. விவரங்கள் ஆராய்ச்சியாளர்களுக்கு அங்கே கிடைக்கும் என்று 2025 ஜனவரியில் அறிவிக்கப்பட்டது. அந்த எழுத்துக்களுக்கு அர்த்தம் சொல்ல டாக்டர்களும் விஞ்ஞானிகளும் வேண்டும்தான். ஆனால் டிஸ்க் பழுதானால் கண்டுபிடிக்க, பிரதி சரியா என்று பார்க்க, சீட்டு மாறாமல் காக்க, லினக்ஸும் டேட்டாபேஸும் தெரிந்த கைகள் வேண்டும். நாம் லேபில் கற்கும் பாடமல்லவா இது?

ஆகவே நண்பர்களே, அடுத்த முறை டேட்டாபேஸ் பிராக்டிகலில் "பிரைமரி கீ எதற்கு சார்?" என்று அலுத்துக்கொள்ளும்போது ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். எங்கோ ஒரு மனிதர் தன் ரத்தத்தைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். அது அவருடையதுதான் என்று சொல்ல, அந்த ஒரு கீதான் சாட்சி.