மருத்துவச்சியின் மகள்

நூறாண்டுகளுக்கு முன் நாஞ்சில் நாட்டில் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்த பெண்ணைப் பேணும் பொறுப்பு, வழிவழியாக அத்தொழிலைச் செய்துவந்த மருத்துவச்சியிடமே இருந்தது. வெளிச்சம் புகாத அறையும், கைக்கு அகப்பட்ட கருவியால் அறுத்த தொப்புள்கொடியும், அதனால் சிசுவுக்குக் கண்ட ஜன்னியும் எத்தனையோ குடும்பங்களைக் கலங்கவைத்தபோதிலும், அவள்மீது ஊரார் கொண்டிருந்த விசுவாசம் குன்றவில்லை.

இவ்வளவுக்கும் ஆஸ்பத்திரிக்குப் பஞ்சமான பிரதேசமன்று இது. 1838-இல் லண்டன் மிஷனைச் சேர்ந்த டாக்டர் ஆர்ச்சிபால்டு ராம்சே நெய்யூரில் தொடங்கிய வைத்தியப் பணி பல கிளைகளாகப் படர்ந்திருந்தது. நாகர்கோவிலில் இரட்சணிய சேனையின் கேதரின் பூத் ஆஸ்பத்திரி இருந்தது. 1922-இல் எவரெஸ்ட் சிகரத்தை எட்டிப்பிடிக்க முயன்ற குழுவிலிருந்த டாக்டர் சாமர்வெல் பின்னர் நெய்யூருக்கே வந்து சேர்ந்தார். ஆனால் வயிற்றுப்புண்ணுக்காக அவருடைய கத்திக்கு இணங்கிய குடும்பங்கள்கூட, பிரசவத்துக்குப் படிதாண்ட எளிதில் சம்மதிக்கவில்லை.

அந்நாளில் நாஞ்சில் நாடு திருவிதாங்கூர் சமஸ்தானத்தைச் சேர்ந்தது. லண்டன் சர்வகலாசாலையில் வைத்தியப் பட்டம் பெற்று, டப்ளின் நகரில் மகப்பேற்று வைத்தியம் பயின்று, 1916-இல் தாய்நாடு திரும்பிய டாக்டர் மேரி புன்னன் லூக்கோஸ், திருவனந்தபுரம் தைக்காட்டு ஆஸ்பத்திரியில் பொறுப்பேற்றபோது, மருத்துவச்சியைப் பழித்துப் பயனில்லை என்று கண்டு, மருத்துவச்சிக் குடும்பங்களின் பெண்மக்களையே அழைத்துப் பிரசவ வைத்தியம் பயிற்றுவித்தார். பிறர் அச்சம் தீர, தம் முதற்பிரசவத்தையே ஆஸ்பத்திரியில் வைத்துக்கொண்டார் என்றும் சொல்வார்கள். பெரிய கட்டடம் எழுப்புவதைவிட மருத்துவச்சியின் மகளைப் பயிற்றுவித்ததே புத்திசாலித்தனமான காரியம் என்பது என் அபிப்பிராயம்.

பிரிட்டனின் அனுபவத்தையும் பாருங்கள். 1902-ஆம் ஆண்டுச் சட்டம், பரீட்சை எழுதாத பழைய மருத்துவச்சிகளையும் நன்னடத்தை பார்த்துப் பதிவேட்டில் ஏற்றிக்கொண்டது. 1918-ஆம் ஆண்டின் தாய்சேய் நலச் சட்டத்துக்குப் பின் ஊர்தோறும் நல நிலையங்கள் பெருகின; எடை பார்த்தார்கள், பால் கொடுத்தார்கள், உபதேசமும் தாராளமாகவே செய்தார்கள். ஆயினும் 1930-களின் நடுப்பகுதி வரை, ஆயிரம் பிரசவத்துக்கு நான்கு தாய்மாருக்குமேல் மாண்டுகொண்டேயிருந்தனர். பிரசவ ஜுரத்தை அடக்கும் சல்பா மருந்துகள் வந்த பிறகே அத்தொகை இறங்கியது. ஸ்தல ஸ்தாபனங்கள் சம்பள மருத்துவச்சிகளை ஏற்படுத்த வேண்டுமென்று 1936-இல்தான் சட்டம் பிறந்தது.

திருவிதாங்கூரிலோ, மேரி லூக்கோஸ் 1938-இல் சர்ஜன் ஜெனரலாகிச் சமஸ்தானத்து வைத்திய இலாகா முழுவதையும் நிர்வகித்தார். நாகர்கோவிலில் க்ஷயரோக ஆரோக்கியசாலை அமைந்ததும் அவருடைய முயற்சியாலேதான். விளவங்கோட்டுக்கு அடுத்துள்ள நெய்யாற்றங்கரையில், ராக்பெல்லர் ஸ்தாபனத்தின் துணையோடு ஒரு சுகாதார யூனிட் தோன்றியது. 1926-இல் இலங்கையின் களுத்துறையில் ஏற்பட்ட யூனிட்டைப் போன்ற ஏற்பாடு அது: நோயாளி வரட்டுமென்று காத்திராமல், ஊழியர்களே வீடுவீடாகச் சென்று கர்ப்பிணிகளை விசாரித்தார்கள்.