கண்ணைத் திறந்தே தியானம் செய்யலாம்

புயல் எச்சரிக்கையும் படபடப்பும்

வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு என்று செய்தி வாசிக்கும்போதே கடலூர்க் கரையோரத்தில் சிலருக்கு நெஞ்சு படபடக்கத் தொடங்கிவிடும். காரணம் இல்லாமல் இல்லை. 2004 டிசம்பர் 26 சுனாமி, 2011 டிசம்பர் 30 தானே புயல், 2015 மழைக்கால வெள்ளம் என்று எல்லாமே ஏறக்குறைய இதே பருவத்தில் வந்தவை. தேவனாம்பட்டினத்திலோ சாமியார்பேட்டையிலோ இதைப் பெரிய நோயாகப் பேச மாட்டார்கள். "நெஞ்சு அடைக்குது, தூக்கம் வரல" என்பார்கள், அவ்வளவுதான்.

ஆபத்து என்று மூளை முடிவு செய்தவுடன் அட்ரினலின் சுரக்கிறது; இதயம் வேகமாகத் துடிக்கிறது, மூச்சு மேலோட்டமாகிறது. அலை உண்மையிலேயே வரும்போது இது உயிரைக் காக்கும். அலை வராத நாளிலும் இதே கூத்து நடந்தால் உடம்பு ஓய்ந்துபோகும். மனப்பயிற்சிக்கு வேலை இருப்பது இந்த இடத்தில்தான்.

மூச்சை விடுவதில்தான் விஷயம்

தியானம் என்றதும் பலருக்கும் சம்மணமிட்டு, கண்ணை மூடி, எதையும் நினைக்காமல் இருப்பதே நினைவுக்கு வருகிறது. எதையும் நினைக்காமல் யாராலும் இருக்க முடியாது. அப்படி முயன்று தோற்றுத்தான் பாதிப்பேர் இரண்டாம் நாளே விட்டுவிடுகிறார்கள்.

எளிதான தொடக்கம் இது. நாற்காலியிலோ திண்ணையிலோ முதுகு நிமிர்ந்து, பாதம் தரையில் படும்படி உட்காருங்கள். நான்கு எண்ணும்வரை மூக்கால் மூச்சை இழுங்கள். ஆறு எண்ணும்வரை மெதுவாக விடுங்கள். இடையில் மூச்சை அடக்க வேண்டாம். மூச்சை இழுக்கும்போது இதயத் துடிப்பு சற்றுக் கூடும், விடும்போது குறையும்; வேகஸ் நரம்பின் வேலை அது. அதனால்தான் விடும் மூச்சை நீட்டச் சொல்கிறோம். ஐந்து நிமிடம் போதும். தலை சுற்றினால் நிறுத்திவிட்டு இயல்பாக மூச்சு விடுங்கள். மனம் மீன் விலைக்கோ பிள்ளையின் ஃபீஸுக்கோ ஓடினால் திட்டாமல் எண்ணிக்கைக்குத் திரும்புங்கள். அப்படித் திரும்பத் திரும்ப வருவதற்குப் பெயர்தான் பயிற்சி.

கண்ணை மூடினால் அலை தெரிகிறதா?

பெரிய இழப்பைச் சந்தித்தவர்களில் சிலருக்குக் கண்ணை மூடி அமைதியாக உட்கார்ந்தால் பழைய காட்சிகள்தான் முண்டியடித்து வரும். "மனசை அடக்கு, சரியாகிவிடும்" என்று இவர்களை மேலும் உட்கார வைப்பது கொடுமை. கண்ணைத் திறந்தே செய்யலாம். எதிரே தெரியும் ஐந்து பொருள்களின் பெயரைச் சொல்லுங்கள். கேட்கும் மூன்று ஒலிகளைக் கவனியுங்கள். உள்ளங்கையால் தரையைத் தொட்டு அதன் சூட்டையோ குளிர்ச்சியையோ உணருங்கள். 'இப்போது இங்கே இருக்கிறேன், அலை இல்லை' என்று உடம்புக்குத் தெரியப்படுத்தும் வழி இது.

நடந்தும் செய்யலாம். சிதம்பரத்தில் இதற்குத் தனி இடம் தேட வேண்டியதில்லை. கீழ வீதியில் தொடங்கித் தெற்கு, மேற்கு, வடக்கு என்று தேரோடும் நான்கு வீதிகளையும் விடியற்காலையில் ஒரு சுற்று வந்தாலே போதும். போனைச் சட்டைப்பைக்குள் வைத்துவிட்டு, பாதம் தரையில் படுவதை மட்டும் கவனித்து நடக்க வேண்டும். கோயில் சுற்றுபவர்களுக்கு இது புதிதும் அல்ல.

எவ்வளவு பலன் தரும்?

சுனாமிக்குப் பின் இலங்கையின் வடகிழக்கில், போரையும் கண்டிருந்த தமிழ்ச் சிறுவர் 31 பேரிடம் ஓர் ஆய்வு நடந்தது. ஒரு பகுதியினர் நடந்ததை வரிசையாகச் சொல்லி மனத்தை ஆற்றிக்கொண்டார்கள். மற்றவர்கள் தியானமும் உடல் தளர்த்தும் பயிற்சியும் செய்தார்கள். இரு பிரிவினருக்கும் ஆறு அமர்வுகள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது முதல் பிரிவில் 81 விழுக்காட்டினரும் இரண்டாவதில் 71 விழுக்காட்டினரும் தேறியிருந்தார்கள். எந்தப் பயிற்சியும் பெறாத பிரிவு அதில் இல்லை; காலமே ஆற்றிய பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது.

2014இல் வெளியான பெரிய மதிப்பாய்வு ஒன்று 47 ஆய்வுகளை, 3,515 பேரை அலசியது. பதற்றம், மனச்சோர்வு இரண்டும் தியானத்தால் ஓரளவு குறைகின்றன; ஆனால் மருந்தையோ உடற்பயிற்சியையோ விட அது மேல் என்பதற்குச் சான்றில்லை என்றது. 'சர்வரோக நிவாரணி' விளம்பரங்களைப் பார்த்தால் இந்த 'ஓரளவு' நினைவுக்கு வரட்டும்.

வடலூர் சொன்ன இன்னொரு வழி

சிதம்பரம் அருகே மருதூரில் 1823இல் பிறந்த வள்ளலார், மூச்சை அடக்கும் கடும் யோகத்தைவிடச் சத்விசாரத்தையும் பரோபகாரத்தையுமே வலியுறுத்தினார். 1867இல் வடலூரில் அவர் தொடங்கிய தருமசாலையில் இன்றும் பசித்தவருக்குச் சோறு போடுகிறார்கள். மனம் சோர்ந்தவரைச் சிறு சிறு பயனுள்ள வேலைகளில் ஈடுபடுத்துவது இன்றைய மனநல சிகிச்சையிலும் உண்டு. தனியே உட்கார முடியாதவர், காய் நறுக்கவோ பந்தி பரிமாறவோ போகலாம்.

எப்போது மருத்துவரிடம் போவது?

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் கெட்டு, பசி போய், வேலையில் மனம் ஒட்டாமல் இருந்தால் பயிற்சியை மட்டும் நம்பியிருக்க வேண்டாம். கடலூர் அரசுத் தலைமை மருத்துவமனையிலோ, அண்ணாமலை நகரில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ மனநல மருத்துவரைக் கேளுங்கள். மாத்திரை சாப்பிடுபவர்கள் தியானம் தொடங்கியதற்காக அதை நிறுத்தக் கூடாது. சாவைப் பற்றிய எண்ணம் வந்தால் காத்திருக்காமல் 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்கு அழையுங்கள்; கட்டணம் கிடையாது, இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.