சமுதாயக் கல்லூரிகளில் மாணவர் ஆயத்தநிலையும் படிப்பு நிறைவும்

சமுதாயக் கல்லூரியில் சேரும் ஒருவர் கல்லூரிநிலைப் பாடங்களைத் தொடங்குவதற்கு எந்த அளவுக்குத் தயாராக இருக்கிறார் என்பதே மாணவர் ஆயத்தநிலை எனப்படுகிறது. அவர் சேர்ந்த படிப்பில் சான்றிதழோ பட்டமோ பெறுவதும், நான்காண்டுப் பட்டம் வழங்கும் பல்கலைக்கழகத்திற்கு மாறிச் சென்று அங்குப் பட்டம் பெறுவதும் படிப்பு நிறைவு எனப்படுகின்றன. அமெரிக்க ஐக்கிய நாடுகளின் சமுதாயக் கல்லூரிகளில் சேர்வது எளிது, முடிப்பது கடினம். சேர்வோரில் ஏறத்தாழ 40 விழுக்காட்டினரே 6 ஆண்டுகளுக்குள் ஏதேனும் ஒரு சான்றிதழையோ பட்டத்தையோ பெறுகின்றனர். எஞ்சியோரில் பலர் கட்டணம் செலுத்தியும் கடன் பெற்றும் சில பருவங்கள் படித்துவிட்டு, கையில் எதுவும் இல்லாமல் வெளியேறுகின்றனர்.

இதற்கு மாணவர்களின் ஆயத்தக் குறைவே காரணம் என்று நெடுங்காலம் கருதப்பட்டது. 2000-க்குப் பின் நடந்த ஆய்வுகள் வேறொரு காரணத்தையும் வெளிக்கொணர்ந்தன. மாணவர்களை ஆயத்தப்படுத்துவதற்காகக் கல்லூரிகள் அமைத்த ஏற்பாடுகளே பலரைப் படிப்பிலிருந்து விலகச் செய்தன என்பதே அது. இக்கட்டுரை அந்த ஏற்பாடுகளையும், அவற்றுக்கு மாற்றாக வந்த முறைகளையும், அவற்றின் விளைவுகளையும் விளக்குகிறது.

சமுதாயக் கல்லூரி

அமெரிக்காவில் சமுதாயக் கல்லூரி என்பது பெரும்பாலும் அரசு நிதியில் இயங்கும் இரண்டாண்டுக் கல்லூரியாகும். 1901-இல் இல்லினாய் மாநிலத்தின் ஜோலியட் நகரில் 6 மாணவர்களுடன் தொடங்கிய ஜோலியட் இளநிலைக் கல்லூரி, இன்றும் இயங்கிவரும் அரசுக் கல்லூரிகளில் இவ்வகையில் மிகப் பழையதாகக் கருதப்படுகிறது. குடியரசுத் தலைவர் ட்ரூமன் அமைத்த உயர்கல்வி ஆணையம் 1947-இல் 'சமுதாயக் கல்லூரி' என்ற பெயரைப் பரவலாக்கியது. இன்று நாடு முழுவதும் ஏறத்தாழ ஆயிரம் சமுதாயக் கல்லூரிகள் உள்ளன.

இவற்றின் அடிப்படைக் கொள்கை திறந்த சேர்க்கை. பள்ளிப்படிப்பையோ அதற்கு இணையான தேர்வையோ முடித்த எவரும் சேரலாம்; மதிப்பெண் வரம்பு கிடையாது. செவிலியர் படிப்பு போன்ற சில பிரிவுகளுக்கு மட்டும் தனி நிபந்தனைகள் உண்டு. மாணவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் பகுதிநேரமாகப் படிப்பவர்கள். வேலை பார்ப்பவர்களும், பிள்ளைகளை வளர்ப்பவர்களும், குடும்பத்திலிருந்து முதன்முதலாகக் கல்லூரிக்கு வருபவர்களும் இவர்களில் மிகுதி.

இந்தியாவில் 1990-களின் நடுப்பகுதியிலிருந்து புதுச்சேரியிலும் சென்னையிலும் இதே பெயரில் நிறுவனங்கள் தொடங்கப்பட்டன. ஆனால் அவை பெரும்பாலும் குறுகிய காலத் தொழிற்பயிற்சி அளிப்பவை. இக்கட்டுரை அமெரிக்கச் சமுதாயக் கல்லூரிகளைப் பற்றியது.

குறைதீர் பாடங்கள்

திறந்த சேர்க்கையில் வரும் மாணவர்களின் கணிதத் திறனும் ஆங்கிலத் திறனும் ஒரே அளவில் இருப்பதில்லை. எனவே சேர்ந்தவுடன் அவர்களுக்கு நிலை நிர்ணயத் தேர்வு வைக்கப்பட்டது. அதில் குறைந்த மதிப்பெண் பெற்றவர்கள் முதலில் குறைதீர் பாடங்களைப் படிக்க வேண்டும். கணிதத்தில் இப்பாடங்கள் எண்கணிதம், இயற்கணித முன்பாடம், தொடக்கநிலை இயற்கணிதம், இடைநிலை இயற்கணிதம் எனப் பல படிகளாக அமைந்திருந்தன. ஒவ்வொரு படியும் ஒரு பருவம். இவற்றுக்குக் கட்டணம் உண்டு. ஆனால் இவற்றில் தேர்ச்சி பெற்றாலும் பட்டத்திற்கான மதிப்பலகு எதுவும் சேராது. வருமானம் குறைந்த மாணவர்களுக்கு நடுவண் அரசு வழங்கும் பெல் உதவித்தொகையும் இக்காலத்தில் கரையும்.

கொலம்பியா பல்கலைக்கழகத்தின் சமுதாயக் கல்லூரி ஆய்வு மையம் 2010-இல் வெளியிட்ட ஆய்வு, இந்தப் படிக்கட்டில் என்ன நடக்கிறது என்பதைக் காட்டியது. கணிதக் குறைதீர் பாடங்களுக்கு அனுப்பப்பட்டவர்களில் மூன்றில் ஒரு பங்கினரே அவற்றை முடித்தனர். வாசிப்புப் பாடங்களில் பாதிக்கும் குறைவானவர்களே முடித்தனர். இடையில் நின்றவர்களில் பலர் எந்தப் பாடத்திலும் தோல்வி அடைந்தவர்கள் அல்லர். ஏறத்தாழ 30 விழுக்காட்டினர் முதல் பாடத்திலேயே சேரவில்லை. வேறு சிலர் ஒரு பாடத்தில் தேர்ச்சி பெற்றும் அடுத்ததற்குப் பதிவு செய்யவில்லை.

இதன் காரணத்தை ஓர் எளிய கணக்கால் விளக்கலாம். கல்லூரிநிலைக் கணிதத்திற்கு மூன்று படி கீழே 100 மாணவர்கள் வைக்கப்படுவதாகக் கொள்வோம். ஒவ்வொரு படியிலும் பாடத்திற்குப் பதிவு செய்பவர்கள் 80 விழுக்காடு, பதிவு செய்தவர்களில் தேர்ச்சி பெறுபவர்கள் 75 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். இவை மோசமான விகிதங்கள் அல்ல. முதல் படியை 60 பேர் கடப்பர். இரண்டாம் படியை 36 பேரும், மூன்றாம் படியை ஏறத்தாழ 22 பேரும் கடப்பர். இறுதியாகக் கல்லூரிநிலைக் கணிதத்தில் தேர்ச்சி பெறுபவர்கள் 13 பேர் மட்டுமே. ஒவ்வொரு வகுப்பிலும் ஆசிரியர் நன்றாகக் கற்பித்திருக்கலாம். ஒவ்வொரு வகுப்பின் தேர்ச்சியும் மனநிறைவு தரலாம். ஆனால் படிகளின் எண்ணிக்கையே மாணவர்களைக் குறைத்துவிடுகிறது. இரு பருவங்களுக்கு இடைப்பட்ட ஒவ்வொரு விடுமுறையும் வேலை நேர மாற்றமோ வீட்டுச் சிக்கலோ குறுக்கிடக்கூடிய இடைவெளியாகும்.

நிலை நிர்ணயத் தேர்வின் குறைகள்

இப்படிக்கட்டின் எந்தப் படியில் ஒருவர் நிற்க வேண்டும் என்பதை முடிவு செய்த தேர்வும் நம்பகமானதாக இல்லை. பல மாணவர்கள் அதை எந்தத் தயாரிப்பும் இன்றி, அதன் விளைவு என்ன என்பதை அறியாமலேயே எழுதினர். பல ஆண்டுகளுக்கு முன் படித்த இயற்கணிதத்தை மறந்திருந்த ஒருவர், சில வாரங்கள் மீள்பார்வை செய்திருந்தால் கடந்திருக்கக்கூடிய தேர்வில் பின்தங்கி, ஓராண்டுக்கு மேல் குறைதீர் வகுப்புகளுக்கு அனுப்பப்பட்டார்.

பொருளியலாளர் ஜூடித் ஸ்காட்-கிளேட்டன் 2012-இல் வெளியிட்ட ஆய்வின்படி, கணிதத் தேர்வு எழுதியவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவரும், ஆங்கிலத் தேர்வு எழுதியவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவரும் கடுமையாகத் தவறான நிலையில் வைக்கப்பட்டிருந்தனர். கல்லூரிநிலைப் பாடத்தில் நேரடியாகச் சேர்ந்தாலே நல்ல தேர்ச்சி பெறக்கூடியவர்கள் குறைதீர் பாடத்திற்கு அனுப்பப்படுவதே இப்பிழைகளில் மிகுதி. பள்ளியில் பல ஆண்டுகளாகப் பெற்ற மதிப்பெண்கள், ஓரிரு மணி நேரத் தேர்வைவிட நன்றாக வருங்காலத் தேர்ச்சியைக் கணிக்கின்றன என்பதும் இவ்வகை ஆய்வுகளின் முடிவாகும்.

இதன் அடிப்படையில் மாநிலங்கள் சட்டம் இயற்றின. புளோரிடா 2013-இல் இயற்றிய சட்டம், அண்மையில் அரசுப் பள்ளிகளில் படித்து முடித்த பெரும்பாலான மாணவர்களுக்கு நிலை நிர்ணயத் தேர்வையும் குறைதீர் பாடங்களையும் விருப்பத்திற்கு உரியவையாக மாற்றியது. கலிபோர்னியா 2017-இல் இயற்றிய, 705 என்ற எண்ணால் அறியப்படும் சட்டம், மாணவர்களை நிலைப்படுத்தப் பள்ளி மதிப்பெண்களைக் கருத்தில் கொள்ள வேண்டும் என்றது. ஓராண்டுக்குள் பல்கலைக்கழகம் ஏற்கும் நிலையிலுள்ள கணித, ஆங்கிலப் பாடங்களை மாணவர் முடிக்கும் வாய்ப்பு மிகுதியாகும்படி கல்லூரிகள் செயல்பட வேண்டும் என்றும் அது வலியுறுத்தியது.

இணைப் பாட முறை

படிகளைக் குறைப்பதற்கு வந்த முக்கிய மாற்று, இணைப் பாட முறையாகும். இதில் மாணவர் முதல் பருவத்திலேயே கல்லூரிநிலைப் பாடத்தில் சேர்கிறார். அதே பருவத்தில், அப்பாடத்திற்குத் துணையான ஒரு கூடுதல் வகுப்பிலும் அமர்கிறார். காலையில் புள்ளியியல் வகுப்பில் பின்னம் தேவைப்பட்டால், துணை வகுப்பில் அந்தப் பின்னம் கற்பிக்கப்படுகிறது. தேவை எழும் நேரத்தில் அடிப்படை கற்பிக்கப்படுவதால், அதை எதற்குப் படிக்கிறோம் என்பது மாணவருக்குத் தெரிகிறது. மேரிலாந்தின் பால்டிமோர் மாவட்டச் சமுதாயக் கல்லூரி 2007-இல் ஆங்கிலப் பாடத்தில் இம்முறையைத் தொடங்கியது. டென்னசி மாநிலம் 2015-இல் தன் சமுதாயக் கல்லூரிகள் அனைத்திலும் இதை நடைமுறைப்படுத்தியது.

மேலே கண்ட கணக்கை இம்முறைக்குப் பொருத்திப் பார்க்கலாம். 100 பேரில் 80 பேர் பதிவு செய்து, அவர்களில் 60 விழுக்காட்டினர் மட்டுமே தேர்ச்சி பெற்றாலும், கல்லூரிநிலைக் கணிதத்தை முடிப்பவர்கள் 48 பேர். வகுப்பின் தேர்ச்சி விகிதம் குறைந்தும், மொத்தத்தில் கடந்து செல்பவர்கள் மூன்று மடங்குக்கு மேல் கூடுகின்றனர்.

எல்லோருக்கும் இயற்கணிதம் தேவையா என்ற கேள்வியும் இதனுடன் எழுந்தது. பொறியியல் படிப்பவருக்கு அது தேவை. செவிலியர் பணிக்கோ சமூகப் பணிக்கோ படிப்பவருக்குப் புள்ளியியல் கூடுதலாகப் பயன்படும். நியூயார்க் நகரப் பல்கலைக்கழகத்தின் மூன்று சமுதாயக் கல்லூரிகளில் 2013-இல் நடந்த ஆய்வில், குறைதீர் இயற்கணிதம் தேவை என்று கணிக்கப்பட்ட மாணவர்கள் குலுக்கல் முறையில் பிரிக்கப்பட்டனர். குறைதீர் இயற்கணிதத்தில் சேர்க்கப்பட்டவர்களில் 39 விழுக்காட்டினர் தேர்ச்சி பெற்றனர். துணைப் பயிலரங்குடன் கல்லூரிநிலைப் புள்ளியியலில் சேர்க்கப்பட்டவர்களில் 56 விழுக்காட்டினர் தேர்ச்சி பெற்றனர். உயர்ந்த நிலைப் பாடத்தில் வைக்கப்பட்டவர்களே கூடுதலாகத் தேறினர்.

ஏசாப் திட்டம்

முதல் கணிதப் பாடத்தைக் கடப்பது பட்டம் பெறுவதாகிவிடாது. அதன்பின் மூன்று, நான்கு பருவங்கள் எஞ்சியுள்ளன. அந்தக் காலம் முழுவதும் மாணவரைத் தாங்கி நிற்கும் முயற்சிகளில் மிகவும் அறியப்பட்டது, நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம் 2007-இல் தொடங்கிய ஏசாப் திட்டம்.

இத்திட்டத்தில் சேரும் மாணவர் முழுநேரமாகப் படிக்க வேண்டும். குறைதீர் பாடங்கள் இருந்தால் தொடக்கத்திலேயே முடிக்க வேண்டும். தன் கல்வி ஆலோசகரை அடிக்கடி சந்திக்க வேண்டும். பதிலுக்குக் கல்லூரி, உதவித்தொகை போக எஞ்சும் கட்டணத்தைத் தள்ளுபடி செய்கிறது. பாடநூல் செலவுக்கு உதவுகிறது. நகரப் பேருந்துக்கும் சுரங்க ரயிலுக்குமான பயண அட்டையை மாதந்தோறும் வழங்குகிறது. வேலைக்குச் செல்ல வசதியாக முதல் பருவங்களின் பாடவேளைகள் அடுத்தடுத்து அமைக்கப்படுகின்றன. ஆய்வு நடந்த காலத்தில் ஏசாப் ஆலோசகர் ஒருவரிடம் 60 முதல் 80 மாணவர்கள் இருந்தனர். வழக்கமான ஆலோசகர் ஒருவரிடம் இருந்தவர்கள் 600-க்கும் மேல்.

எம்.டி.ஆர்.சி. என்ற ஆய்வு நிறுவனம் மூன்று கல்லூரிகளில் 896 மாணவர்களைக் குலுக்கல் முறையில் இரு குழுக்களாகப் பிரித்து ஆராய்ந்தது. அனைவரும் வருமானம் குறைந்தவர்கள். குறைதீர் பாடம் தேவை எனக் கணிக்கப்பட்டவர்கள். 3 ஆண்டுகளின் முடிவில் வழக்கமான குழுவில் 22 விழுக்காட்டினரும், ஏசாப் குழுவில் 40 விழுக்காட்டினரும் பட்டம் பெற்றனர். மாணவர் ஒருவருக்கான செலவு 60 விழுக்காட்டிற்கு மேல் கூடியது. ஆனால் பட்டம் பெற்றோர் எண்ணிக்கை அதைவிட மிகுதியாகக் கூடியதால், பட்டம் ஒன்றுக்கான செலவு ஏறத்தாழ 10 விழுக்காடு குறைந்தது. ஒகையோ மாநிலத்தின் மூன்று சமுதாயக் கல்லூரிகள் இதைப் பின்பற்றியபோதும் பட்டம் பெற்றோர் 19 விழுக்காட்டிலிருந்து 35 விழுக்காடாக உயர்ந்தனர். ஒரு நகரத்தின் தனிச்சூழலால் மட்டும் இது நிகழவில்லை என்பதற்கு இது சான்றாயிற்று.

வழிகாட்டிய பாதைகள்

தாமஸ் பெய்லி, ஷானா ஜாகர்ஸ், டேவிஸ் ஜென்கின்ஸ் ஆகியோர் 2015-இல் எழுதிய நூலொன்று சமுதாயக் கல்லூரியை உணவகத்தோடு ஒப்பிட்டது. நூற்றுக்கணக்கான பாடங்கள் பரப்பி வைக்கப்பட்டுள்ளன. எதை எடுப்பது என்பதை மாணவரே முடிவு செய்ய வேண்டும். தவறாகத் தேர்ந்தெடுத்தால் பட்டத்திற்கோ பல்கலைக்கழக மாற்றத்திற்கோ உதவாத மதிப்பலகுகள் சேரும். இதற்கு மாற்றாக ஒவ்வொரு படிப்புக்கும் பருவவாரியான பாட வரிசையை முன்கூட்டியே வகுத்து, மாணவர் அதிலிருந்து விலகும்போது ஆலோசகர் உடனே தலையிடும் முறை பரிந்துரைக்கப்பட்டது. இது வழிகாட்டிய பாதைகள் எனப்படுகிறது.

படிப்புக்கு வெளியே உள்ள தடைகள்

வாடகை, உணவு, குழந்தைப் பராமரிப்பு, பழுதான கார் போன்றவையும் படிப்பை நிறுத்துகின்றன. டெக்சாஸ் மாநிலத்தின் அமரில்லோ கல்லூரி, வறுமையே தன் மாணவர்களின் முதன்மைத் தடை எனக் கண்டு, உணவுப் பொருள், அவசரப் பண உதவி, சமூகப் பணியாளர் ஆலோசனை ஆகியவற்றை ஒரே மையத்தில் அளித்தது. 2023-இல் அக்கல்லூரி சிறந்த சமுதாயக் கல்லூரிக்கான ஆஸ்பென் பரிசைப் பகிர்ந்துகொண்டது. டென்னசி மாநிலம் 2015 முதல் பள்ளி முடித்தவர்களுக்குக் கட்டணமின்றி இரண்டாண்டுக் கல்வி அளிக்கிறது. அதனுடன் ஒரு வழிகாட்டியையும் ஏற்பாடு செய்கிறது.

வரம்புகளும் விவாதங்களும்

இம்மாற்றங்கள் அனைவருக்கும் ஏற்புடையவை அல்ல. அடிப்படைக் கணக்கே அறியாத ஒருவரை நேரடியாகக் கல்லூரிநிலைப் பாடத்தில் அமர்த்தினால் அவர் தோல்வி அடைவார் என்று ஆசிரியர்கள் சிலர் எச்சரிக்கின்றனர். இணைப் பாட முறையிலும் கணிசமானோர் தேர்ச்சி பெறுவதில்லை என்பது உண்மை. அத்தகையோருக்கு மேலும் உதவி தேவை. டென்னசியில் நடந்த ஓர் ஆய்வு, இணைப் பாடம் முதல் பாடத் தேர்ச்சியைக் கூட்டினாலும் பட்டம் பெறுவோரைக் குறிப்பிடத்தக்க அளவில் கூட்டவில்லை என்று கண்டது. ஏசாப் முழுநேர மாணவர்களுக்கானது. பெரும்பான்மையான பகுதிநேர மாணவர்களுக்கு அதே பயன் எவ்வாறு கிடைக்கும் என்பது தீராத கேள்வி. அத்திட்டத்திலும் 3 ஆண்டுகளில் 60 விழுக்காட்டினர் பட்டம் பெறவில்லை.

நிறைவு விகிதத்தை மட்டும் அளவுகோலாக வைத்தால், பாடங்களை எளிதாக்கியோ முடிக்கக்கூடியவர்களை மட்டும் ஈர்த்தோ கல்லூரிகள் எண்ணிக்கையைக் கூட்டிக்காட்டலாம் என்ற அச்சமும் உண்டு. இதனால் பட்டத்திற்குப் பின் கிடைக்கும் வேலை, ஊதியம், பல்கலைக்கழகத் தேர்ச்சி ஆகியவற்றையும் சேர்த்து அளக்க வேண்டும் என்று வலியுறுத்தப்படுகிறது.

ஏசாப் ஆய்வில் பங்கேற்ற இரு குழுக்களும் ஒரே மாதிரியானவை. சேரும்போது அவர்களுடைய கணித அறிவிலோ ஆங்கில அறிவிலோ வேறுபாடு இல்லை. வேறுபட்டது கல்லூரி அவர்களுக்கு அளித்த ஏற்பாடு மட்டுமே. எனவே ஆயத்தநிலை என்பது மாணவர் வீட்டிலிருந்து கொண்டுவரும் தகுதி மட்டுமன்று, அவரை ஏற்கும் கல்லூரியிடமும் எதிர்பார்க்க வேண்டிய ஒன்று என்ற கருத்து இன்று வலுப்பெற்றுள்ளது.