வீட்டுக்குக் கீழே ஓர் அறை தேவையா?

அத்திவாரம் வெட்டும் நேரத்தில் சில குடும்பங்களுக்கு ஒரு யோசனை வருவதுண்டு. எப்படியும் மண்ணை வெட்டத்தான் போகிறோம், அதோடு கீழே ஓர் அறையையும் கட்டிவிட்டால் என்ன?

இதற்குப் பல காரணங்கள் இருக்கலாம். நெல்லும் விதையும் வைக்க இடம் வேண்டும். வெயில் காலத்தில் குளிர்ச்சியாக இருக்கும். வெளிநாட்டில் உள்ள உறவினர் வீட்டில் இப்படி ஓர் அறை இருப்பதைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். இவற்றை விட முக்கியமான காரணம் ஒன்றும் உண்டு. பங்கருக்குள் இருந்து உயிர் தப்பியவர்களுக்கு, நிலத்துக்குக் கீழே ஓர் இடம் இருந்தால்தான் மனம் ஆறும். இது வெட்கப்பட வேண்டிய விடயமல்ல.

ஆனாலும் வடக்கிலும் கிழக்கிலும் பெரும்பாலான காணிகளுக்கு எமது ஆலோசனை இதுதான்: கீழே இறங்காதீர்கள், வீட்டின் தரையை உயர்த்துங்கள். காரணங்களை வாசித்து, உங்கள் காணியையும் பார்த்து, குடும்பமாகப் பேசி முடிவெடுங்கள்.

கனடாவில் இருக்கிறதே?

கனடாவில் குளிர்காலத்தில் மண்ணில் உள்ள நீர் உறைந்து, மண் வீங்கி எழும்பும். அத்திவாரம் ஆழமாக இல்லாவிட்டால் வீடு வெடிக்கும். ரொறன்ரோப் பகுதியில் இதற்காக ஏறத்தாழ 4 அடி ஆழத்துக்குக் கீழே அத்திவாரம் போடுகிறார்கள். அவ்வளவு வெட்டிய பின்னர், இன்னும் சிறிது வெட்டி அறையாக்குவது அவர்களுக்கு இலாபம். எங்கள் நாட்டில் மண் உறைவதில்லை. சாதாரண ஒருமாடி வீட்டுக்கு, உறுதியான மண்ணில் 2 முதல் 3 அடி அத்திவாரம் போதும். 7 அடி வெட்டினால் அது முழுக்க மேலதிகச் செலவு.

மாரித் தண்ணீர்

ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மழையில் நிலத்தடி நீர் மேலே ஏறும். யாழ்ப்பாணக் குடாநாட்டின் சுண்ணாம்புக் கல் வெடிப்புகளும் துவாரங்களும் நிறைந்தது. மழைநீர் அதனூடாக விரைவாக இறங்கும், கிணறுகளும் விரைவாக நிறையும். குளத்துக்குக் கீழான வயற்காணிகளிலும் கடலோரக் காணிகளிலும் சில அடி வெட்டினாலே தண்ணீர் வருவதை நீங்கள் அறிவீர்கள். 2008 நவம்பரில் நிஷா புயலோடு வந்த மழை யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் எவ்வளவு வெள்ளத்தைக் கொண்டுவந்தது என்பதும் உங்களுக்கு நினைவிருக்கும்.

நிலக்கீழ் அறை தண்ணீருக்குள் வைத்த வெறும் பெட்டி போன்றது. 10 அடிக்கு 10 அடி அறையின் தரையை விட 4 அடி உயரத்துக்கு வெளியே தண்ணீர் நின்றால், அது அறையின் தரையை 11 தொன்னுக்கும் அதிகமான விசையோடு மேலே தள்ளும். சாதாரண சீமெந்துத் தரை இதைத் தாங்காது, வெடித்துத் தண்ணீர் உள்ளே வரும். ஈரம், கறையான், நுளம்பு, பாம்பு எல்லாம் பின்னால் வரும். நெல் வைக்கக் கட்டிய அறையில் நெல்லே வைக்க முடியாமற் போகும்.

உங்கள் காணியில் நிலைமை என்னவென்று கிணறே சொல்லும். மார்கழியில் ஒரு கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கி, நிலமட்டத்திலிருந்து எத்தனை அடியில் தண்ணீர் நிற்கிறது என்று அளந்து பாருங்கள். கிணற்றுக் கட்டின் உயரத்தைக் கழிக்க மறக்க வேண்டாம். தண்ணீர் 10 அடிக்குள் நின்றால், நிலக்கீழ் அறை என்ற பேச்சை அத்தோடு விட்டுவிடுங்கள்.

பணம் எங்கே முடியும்?

10 அடிக்கு 10 அடி அறையை 7 அடி ஆழத்தில் கட்ட, குறைந்தது 7 கியூப் மண் வெட்டி அகற்ற வேண்டும். பக்கச் சுவர்களைச் சீமெந்துக் கல்லால் மட்டும் கட்ட முடியாது. கம்பி போட்ட கொங்கிறீற்று வேண்டும். மேலே தட்டும், நீர் கசியாத பூச்சும், தண்ணீர் இறைக்கும் இயந்திரமும் வேண்டும்.

வீட்டு உதவி கட்டம் கட்டமாகவே கிடைக்கும். இந்திய வீடமைப்புத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு வழங்கப்பட்ட தொகை 550,000 ரூபா. ஒரு கட்டம் முடிந்தால்தான் அடுத்த கொடுப்பனவு. முதற் கொடுப்பனவு குழிக்குள் போய்விட்டால் சுவர் எழும்பாது. சுவர் எழும்பாவிட்டால் அடுத்த கொடுப்பனவும் வராது. கூரை இல்லாத வீட்டோடும் கடனோடும் மாரியைச் சந்திக்க நேரிடும்.

வெட்டுவதற்கு முன்

காணி மிதிவெடி அகற்றப்பட்டு விடுவிக்கப்பட்டதா என்று கிராம அலுவலரிடம் உறுதிப்படுத்துங்கள். விடுவிக்கப்பட்ட காணியிலும் ஆழமாக வெட்டும்போது கவனம் தேவை. சந்தேகமான பொருள் தென்பட்டால் தொடாமல், வந்த வழியே திரும்பிச் சென்று, மற்றவர்கள் நெருங்காதபடி செய்து, கிராம அலுவலருக்கோ பொலிசாருக்கோ அறிவியுங்கள். பழைய பங்கரை நீங்களாக இறங்கித் துப்புரவு செய்ய வேண்டாம். பிள்ளைகளையும் அதற்குள் விளையாட விட வேண்டாம்.

பழைய பங்கர், பதுங்கு குழி, தூர்ந்த கிணறு இருந்த இடங்களுக்கு மேலே அத்திவாரம் போடாதீர்கள். உள்ளே இருக்கும் பனங்குற்றிகள் உக்கிப்போக, மேலுள்ள மண் இறங்கும், சுவர் வெடிக்கும். வேறு இடமே இல்லையென்றால், ஆபத்து இல்லையென உரியவர்கள் உறுதிசெய்த பின், குற்றிகளையும் சாக்குகளையும் அகற்றுங்கள். பின்னர் கிறவலை அரை அடிப் படைகளாகக் கொட்டி, நனைத்து, இடித்து இறுக்குங்கள். ஒரு மாரி கழியும் வரை பொறுத்து, அதன் பின் கட்டுவது நல்லது.

தேவைகளை வேறு வழியில் நிறைவேற்றலாம்

வெள்ளத்துக்கு: ஊரில் மூத்தவர்களிடம் கேட்டு, பழைய சுவர்களில் உள்ள அடையாளத்தையும் பார்த்து, தண்ணீர் ஏறிய அதிகூடிய மட்டத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். வீட்டின் தரை அதைவிட ஓர் அடியாவது உயரமாக இருக்கட்டும். வெள்ளம் வராத காணியிலும் தரை நிலத்திலிருந்து ஒன்றரை அடி உயரமாக இருப்பது நல்லது.

நெல்லுக்கும் விதைக்கும்: வீட்டுக்குள் பரண் அமையுங்கள். மூட்டைகளைச் சுவரில் முட்டாமல் பலகை மேல் அடுக்குங்கள்.

குளிர்ச்சிக்கு: விறாந்தையும், எதிரெதிரான யன்னல்களும், மேற்குப் பக்கத்தில் ஒரு வேம்பும் போதும்.

பாதுகாப்புக்கு: புயலும் வெள்ளமும் சேர்ந்து வரும்போது நிலக்கீழ் அறையே மிக ஆபத்தான இடம். வசதி இருந்தால் ஒரு சிறிய அறைக்கு மட்டும் கொங்கிறீற்றுத் தட்டுப் போடுங்கள். ஓடு பறந்தாலும் அந்த அறை நிற்கும். காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை ஆகியவற்றை அதன் உயரமான தட்டில் வையுங்கள்.

அப்படியும் வேண்டுமென்றால்

உங்கள் காணி மேட்டு நிலமாகவும், மாரியிலும் தண்ணீர் மிக ஆழத்திலும் இருந்தால், நிலக்கீழ் அறை முடியாத காரியமல்ல. ஆனால் அதை அத்திவாரத்தோடுதான் கட்ட வேண்டும். வீடு எழும்பிய பின் அதன் அடியைத் தோண்டினால் சுவர் சரியும். ஆகவே பொறியியலாளர் வரைந்த படமும், பிரதேச சபையின் அனுமதியும், வீட்டு உதவியைத் தொடாத வேறு பணமும் கையில் இருக்க வேண்டும். இம்மூன்றில் ஒன்று குறைந்தாலும் தொடங்க வேண்டாம்.

வீட்டில் யாருக்காவது நிலத்துக்குக் கீழே இடமில்லாமல் நித்திரை வரவில்லை என்றால், அதை மறைக்காமல் எமது களப் பணியாளரிடமோ, வைத்தியசாலையின் உளநலப் பிரிவிலோ பேசுங்கள். அந்தப் பயத்துக்கு உதவி உண்டு.

அத்திவாரத்துக்குக் கயிறு கட்டும் நாளுக்கு முன், தொழில்நுட்ப உத்தியோகத்தரைக் காணிக்கு அழைத்து மூன்று இடங்களைக் காட்டுங்கள்: கிணறு, வெள்ளம் ஏறிய அடையாளம், பழைய பங்கர் இருந்த இடம். வீட்டை எங்கே, எவ்வளவு உயரத்தில் கட்டுவது என்பதை இவற்றைப் பார்த்தே அவர் உங்களுக்குச் சொல்வார்.