மூச்சை முடுக்கும் கரியமில வாயு

மூச்சு நுரையீரலின் வேலை என்றே பலரும் எண்ணுகின்றனர். ஆனால் நுரையீரலுக்குத் தன்னைத் தானே விரித்துக்கொள்ளும் தசை கிடையாது. மார்புக்கும் வயிற்றுக்கும் இடையே குடைபோல் கவிந்திருக்கும் உதரவிதானம் என்னும் தசை சுருங்கிக் கீழிறங்க, விலா எலும்புகள் மேலெழும்பி மார்புக்கூடு அகல, உள்ளே அழுத்தம் குறைந்து, வெளிக்காற்று தானே உட்புகுகிறது.

அக்காற்று சென்று சேரும் இடம், நுண்ணறைகள் எனப்படும் கோடிக்கணக்கான சிறு காற்றுப் பைகள். அவற்றின் சுவரும், அதை ஒட்டி ஓடும் தந்துகி என்னும் மிக நுண்ணிய இரத்தக் குழாயின் சுவரும் சேர்ந்தும்கூட மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு தடிமனை எட்டுவதில்லை. உடல் ஓய்விலிருக்கையில் சிவப்பணு ஒன்று தந்துகியைக் கடக்க ஏறத்தாழ முக்கால் நொடி ஆகிறது. அதில் மூன்றில் ஒரு பங்கு நேரத்திலேயே, செறிவு மிகுந்த பக்கத்திலிருந்து குறைந்த பக்கத்துக்குப் பரவும் இயல்பால், ஆக்சிஜன் சிவப்பணுவிலுள்ள ஹீமோகுளோபின் என்னும் இரும்புச்சத்துள்ள புரதத்தோடு இணைய, கரியமில வாயு எதிர்த்திசையில் வெளியேறுகிறது. உள்ளிழுக்கும் காற்றில் 21 விழுக்காடாக இருக்கும் ஆக்சிஜன், வெளிவிடும் காற்றிலும் ஏறத்தாழ 16 விழுக்காடு எஞ்சுகிறது. வாயோடு வாய் வைத்து ஊதும் முதலுதவி பயன்படுவது இதனால்தான்.

வியப்புக்குரியது வேறொன்று. மூச்சை அடக்கியவரைத் துடிக்கவைப்பது பெரும்பாலும் ஆக்சிஜன் குறைவு அன்று; கரியமில வாயு மிகுந்து அமிலத்தன்மை கூடுவதை மூளையின் அடிப்பகுதியிலுள்ள முகுளம் உணர்ந்து விடுக்கும் கட்டளையே அது. நீரில் மூழ்குமுன் வேகவேகமாக மூச்சிழுத்து விடுபவர் இவ்வாயுவை முன்கூட்டியே வெளியேற்றிவிடுவதால், எச்சரிக்கை எழுவதற்குள் ஆக்சிஜன் மிகவும் குறைந்து, நீருக்கடியிலேயே நினைவிழக்க நேரிடும். கிணற்றிலும் குளத்திலும் முக்குளிக்கும் பிள்ளைகளிடம் இப்பழக்கம் தென்பட்டால் பெரியவர்கள் உடனே தடுக்க வேண்டும்.